மண்ணில் விழுந்த மருந்து எங்கே போகிறது?

1949-ல் லண்டனில் எல். ஜே. ஆடஸ் என்ற தாவரவியலாளர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். 2,4-டி அப்போது புதிதாக வந்திருந்த களைக்கொல்லி. அதைத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடிக் குழாயில் அடைத்த மண்ணின் வழியே திரும்பத் திரும்ப ஓடவிட்டார். முதலில் கொஞ்சம் மருந்து மண்ணில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் நாள் கணக்கில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திடீரென்று மருந்தின் அளவு சரியத் தொடங்கி, சீக்கிரமே காணாமல் போனது. அதே மண்ணில் இரண்டாவது முறை ஊற்றியபோது அந்தக் காத்திருப்பு இல்லை. உடனே சரிவுதான்.

மருந்து தானாகவே தண்ணீரில் சிதைவதாக இருந்தால் முதல் நாளிலிருந்தே சீராகக் குறைந்திருக்க வேண்டும். முதலில் சும்மா கிடந்து, பிறகு வேகமெடுத்து, அடுத்த முறை காத்திருக்காமலே ஓடுவது உயிருள்ளவற்றின் நடத்தை. இடையில் ஏதோ ஒன்று பெருகியிருக்கிறது. மண்ணை முதலிலேயே கிருமிநீக்கம் செய்துவிட்டு இதே மாதிரி செய்து பார்த்தால் 2,4-டி வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். அடித்த மருந்துகளுக்கு மண்ணுக்குள் என்ன ஆகிறது என்பது பற்றி இன்று தெரிந்திருப்பதில் பெரும்பகுதி, இந்த ஒட்டல், காத்திருப்பு, சரிவு மூன்றுக்கும் காரணம் தேடிப் போனதில் கிடைத்தது.

'மண் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்' என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த வாக்கியத்தில் உடன்பாடில்லை. ஒரு பாக்டீரியாவுக்குச் சுத்தம் பற்றிய கவலை கிடையாது. அதற்குக் கார்பன் வேண்டும், நைட்ரஜன் வேண்டும், பாஸ்பரஸ் வேண்டும், ஆற்றல் வேண்டும். மருந்து மூலக்கூறில் இவற்றில் ஏதாவது எடுக்கக்கூடிய வடிவில் இருந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் விட்டுவிடும். ஒரு மருந்து பத்து நாளில் தீர்ந்துபோவதற்கும் இன்னொன்று பத்து வருடம் கிடப்பதற்கும் காரணம் தேடினால், பெரும்பாலும் இந்தச் சாப்பாட்டுக் கணக்கில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அந்தக் கணக்கு பாக்டீரியாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் அவ்வளவு கவர்ச்சியானது அல்ல. ஒரு ஹெக்டேருக்கு 1 கிலோ மருந்து அடிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது மேல் 10 சென்டிமீட்டர் மண்ணில் கலந்தால், அங்கே இருக்கும் மண் சுமார் 1,300 டன். ஆக, ஒரு கிலோ மண்ணுக்கு 1 மில்லிகிராம்கூட வராது. அதே ஒரு கிலோ மண்ணில், 1 சதவீதம் கரிமக் கார்பன் உள்ள சாதாரண நிலமாக இருந்தாலும், 10,000 மில்லிகிராம் கார்பன் மட்கு வடிவில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு கிராம் மண்ணில் நூறு கோடி வரை பாக்டீரியாக்கள் இருக்கலாம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்த ஒரு மில்லிகிராமைக் கண்டுகொள்வதே இல்லை. கண்டுகொள்கிற சிறுபான்மைக்கு மட்டும், வேறு யாரும் போட்டிக்கு வராத உணவு அது. ஆடஸின் குழாயில் காத்திருந்த நாள்கள், அந்தச் சிறுபான்மை பெருகிக் கண்ணில் படும் அளவுக்கு வர எடுத்துக்கொண்ட நேரம்.

ஒரு மூலக்கூறைப் பிரித்துத் தின்பது

2,4-டி-யை எடுத்துக்கொள்வோம். ஆறு கார்பன் கொண்ட ஒரு வளையம், அதில் இரண்டு குளோரின், பக்கத்தில் ஆக்சிஜன் பாலத்தின் வழியே தொங்கும் ஒரு சிறிய அமில வால். இதைச் சிதைக்கும் பாக்டீரியாக்களில் அதிகம் ஆராயப்பட்டது, ஆஸ்திரேலியாவில் பிரித்தெடுக்கப்பட்ட ஜேஎம்பி134 என்ற வகை. இன்று அது குப்ரியாவிடஸ் என்ற பேரினத்தில் வைக்கப்படுகிறது. அது செய்யும் வேலையை வரிசையாகப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும்.

முதல் நொதி வாலை வெட்டிவிடுகிறது. மிஞ்சுவது டைகுளோரோபீனால். களைக்கொல்லும் திறன் இந்த இடத்திலேயே போய்விட்டது. ஆனால் டைகுளோரோபீனால் ஒன்றும் சாதுவான பொருள் இல்லை, பாக்டீரியாவுக்கே அது விஷம். அதனால் இரண்டாவது நொதி தாமதிக்காமல் வளையத்தில் இன்னொரு ஆக்சிஜனைச் சேர்க்கிறது. இப்போது அடுத்தடுத்த இரண்டு கார்பன்களில் ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கிறது, வளையம் அந்த இடத்தில் பலவீனமாகிவிட்டது. மூன்றாவது நொதி அந்த இரண்டுக்கும் நடுவே வளையத்தைப் பிளக்கிறது. வளையம் திறந்து நீளச் சங்கிலியானதும், அடுத்து வரும் நொதிகள் குளோரின்களை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட, எஞ்சும் துண்டுகள் எந்த உயிரணுவும் சர்க்கரையை எரிக்கும்போது பயன்படுத்தும் அதே சுழற்சிக்குள் நுழைந்துவிடுகின்றன. அதற்கப்புறம் அது களைக்கொல்லியிலிருந்து வந்த கார்பனா, இலைச் சருகிலிருந்து வந்த கார்பனா என்று யாராலும் சொல்ல முடியாது. கொஞ்சம் பாக்டீரியாவின் உடம்பாகிறது, மிச்சம் கரியமில வாயுவாகிறது.

இந்த நொதிகளுக்கான மரபணுக்கள் பாக்டீரியாவின் முதன்மை மரபணுத் தொகுதியில் இல்லை. பிஜேபி4 என்ற பிளாஸ்மிடில், அதாவது தனியாகச் சுற்றும் ஒரு சிறு டிஎன்ஏ வளையத்தில் இருக்கின்றன. இதே வளையத்தில் பாதரசத்தைத் தாங்கும் மரபணுக்களும் உண்டு. இப்படிப்பட்ட பிளாஸ்மிடை ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் இன்னொன்றுக்குக் கொடுக்க முடியும், அது வேறு இனமாக இருந்தாலும் பரவாயில்லை. ஆகவே மண்ணில் பெருகுவது ஒரு குறிப்பிட்ட பாக்டீரியா மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. மரபணுவும் கைமாறிப் பரவுகிறது.

வேறு சில மருந்துகளில் வேலை இவ்வளவு நீளம் இல்லை. பாரத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகளில் ஒரே ஒரு பிணைப்பை, தண்ணீர் மூலக்கூறு ஒன்றைச் செருகி உடைத்துவிட்டால் போதும், நரம்பைத் தாக்கும் சக்தி பெரும்பாலும் போய்விடும். 1973-ல் சேதுநாதன், யோஷிதா இருவரும் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில், டயசினான் என்ற பூச்சிக்கொல்லி அடித்த நெல் வயலின் தண்ணீரிலிருந்து இதைச் செய்யும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தார்கள். பாரத்தியான் உடையும்போது மஞ்சள் நிறமான நைட்ரோபீனால் வெளிவருவதால், சோதனைக் குழாய் மஞ்சளாவதை வைத்தே வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பின்னாளில் அமெரிக்காவில் கிடைத்த வேறொரு பாக்டீரியாவில், வேறொரு பிளாஸ்மிடில், இதே மரபணு அச்சு அசலாக இருந்தது தெரியவந்தது. அந்த நொதி சாரின் போன்ற நரம்பு விஷ வாயுக்களையும் உடைக்கும் என்பதால் ராணுவ ஆய்வகங்கள் இன்றும் அதைக் குடைந்துகொண்டிருக்கின்றன.

அட்ரசின் சொன்ன பாடம்

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை அட்ரசின் என்ற களைக்கொல்லியுடையது. ஸ்விட்சர்லாந்தின் கெய்கி நிறுவனம் உருவாக்கி, 1958-ல் பயன்பாட்டுக்கு வந்தது. சோளம், மக்காச்சோளம், கரும்பு என்று பல பயிர்களில் கொட்டப்பட்டது. அதன் வளையம் விசித்திரமானது. கார்பனும் நைட்ரஜனும் மாறி மாறி அமைந்திருக்கும். அந்த வளையத்துக் கார்பன்கள் கரியமில வாயுவில் இருப்பதைப் போலவே முழுக்க ஆக்சிஜனேற்றம் அடைந்த நிலையில் இருப்பவை. அதாவது எரித்து ஆற்றல் எடுக்க அதில் ஒன்றுமில்லை. பல பத்தாண்டுகள் வரை, மண்ணில் அட்ரசின் மெதுவாகத்தான் சிதையும், அதுவும் ஓரங்களில் தொங்கும் கிளைகள் உதிர்வதோடு பெரும்பாலும் நின்றுவிடும் என்பதே பொதுவான கருத்து. அதன் குளோரினை எடுத்துவிட்டு ஆக்சிஜனை வைக்கும் மாற்றத்தை மண்ணின் வேதியியல்தான் செய்கிறது, உயிர்களுக்கு அதில் பங்கில்லை என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன.

1990-களின் நடுவில் அந்தக் கருத்து கவிழ்ந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் களைக்கொல்லி கொட்டிப்போன ஓரிடத்து மண்ணிலிருந்து, அட்ரசினை மட்டுமே நைட்ரஜனுக்கான மூலமாக வைத்து வாழும் ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியாவை மண்டெல்பாம், வேக்கெட் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். ஏடிபி என்று பெயரிட்டார்கள். அது அட்ரசினை எடுத்துக்கொண்டது கார்பனுக்காக அல்ல, அதில் உள்ள 5 நைட்ரஜன் அணுக்களுக்காக. ஆறு நொதிகள் வரிசையாக வேலை செய்கின்றன. முதலாவது குளோரினைக் கழற்றுகிறது, அடுத்த இரண்டு பக்கக் கிளைகளை வெட்டுகின்றன, கடைசி மூன்று, எஞ்சிய வளையத்தைத் திறந்து அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் முடித்துவிடுகின்றன. இதுவும் பிளாஸ்மிடில்தான்.

கவனிக்க வேண்டியது முதல் நொதி. மெலமின் என்ற தொழிற்சாலை ரசாயனத்தை உடைக்கும் ஒரு நொதியோடு அதை ஒப்பிட்டார்கள். மொத்தம் 475 அமினோ அமிலங்களில் வித்தியாசம் வெறும் 9. மீதியெல்லாம் ஒன்றே. ஆனால் ஒன்று மெலமினிலிருந்து அமினோ கூட்டத்தை எடுக்கும், மற்றொன்று அட்ரசினிலிருந்து குளோரினை எடுக்கும். இரண்டின் வேலையும் அந்த அளவுக்குப் பிரிந்துவிட்டது. இயற்கையில் இல்லாத ஒரு மூலக்கூறு நிலங்களில் கொட்டப்பட்டுச் சில பத்தாண்டுகளுக்குள், இருந்த நொதி ஒன்று சின்னச் சின்ன மாற்றங்களால் அதற்கு ஏற்றதாக மாறிவிட்டது என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறார்கள். வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு பாக்டீரியாக்களில் கிடைத்த இந்த மரபணுக்கள் ஏறத்தாழ ஒரே எழுத்து வரிசையைக் கொண்டிருந்தன. ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக உருவாகியிருந்தால் அப்படி இருக்க வாய்ப்பில்லை. அண்மையில் உருவாகி வேகமாகப் பரவியது என்பதற்கு அதுவே நல்ல தடயம்.

நைட்ரஜனுக்காகத் தின்பதால் ஒரு வேடிக்கையான பின்விளைவும் உண்டு. மண்ணில் யூரியா மாதிரி உரங்களால் நைட்ரஜன் தாராளமாக இருந்தால், ஏடிபி போன்ற பாக்டீரியாக்கள் அட்ரசினைத் தேடிப்போகும் வேகம் குறைகிறது. சுலபமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு வளையத்தை ஏன் உடைக்க வேண்டும்?

தின்னாமலே உடைப்பது

எல்லா மருந்தும் யாருக்காவது உணவாகிவிடும் என்று சொல்லிவிட முடியாது. 2,4-டி வளையத்தில் இன்னும் ஒரே ஒரு குளோரினைச் சேர்த்தால் அது 2,4,5-டி. வியட்நாம் போரில் காடுகளின்மேல் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் இந்த இரண்டின் கலவைதான். கூடுதலான அந்த ஒரு குளோரினால் வளையத்தை உடைப்பது கடினமாகிவிடுகிறது. அதனால் 2,4-டி வாரக் கணக்கில் போகும் மண்ணில் 2,4,5-டி மாதக்கணக்கில் கிடக்கிறது.

நுண்ணுயிரால் உடைக்க முடியாத கரிமப் பொருளே இல்லை என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் இருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் அலெக்சாண்டர் 1960-களில் அதை 'நுண்ணுயிர்களின் தவறாமைக் கோட்பாடு' என்று கிண்டலாகவே குறிப்பிட்டு மறுத்தார். டிடிடி அவருக்குக் கைவசம் இருந்த நல்ல உதாரணம். 1939-ல் அதன் பூச்சிகொல்லும் திறனைக் கண்டுபிடித்ததற்காக பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைத்தது, 1972-ல் அமெரிக்கா பெரும்பாலான பயன்பாடுகளைத் தடைசெய்தது. ஆனால் அதன் எச்சம் இன்றும் பல மண்களில் இருக்கிறது.

இருந்தாலும் டிடிடி முற்றிலும் தீண்டப்படாமல் கிடப்பதில்லை. அதைத் தின்று வளரும் உயிர் அரிது, ஆனால் வேறு வேலைக்காக வைத்திருக்கும் நொதி தற்செயலாக அதன்மேல் பட்டுவிடுவது உண்டு. இதைக் கூட்டு வளர்சிதை மாற்றம் என்பார்கள். பாக்டீரியாவுக்கு இதனால் லாபம் எதுவும் இல்லை, அதனால் பெருகுவதும் இல்லை. ஆடஸின் சோதனையில் வந்த திடீர்ச் சரிவு இங்கே வராது. மெதுவாக, ஒரே வேகத்தில், சில சமயம் பாதியிலேயே நின்றுபோகும்.

இதில் பூஞ்சைகள் முக்கியம். மரத்தை வெண்மையாக அழுகவைக்கும் பனீரோகீட்டே கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சை டிடிடி, லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லி உட்பட்ட பல பொருள்களை ஆக்சிஜனேற்றம் செய்யும் என்று 1985-ல் பம்பஸ், ஆஸ்ட் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். லிக்னின் என்ற மரப்பொருள் ஒழுங்கான அமைப்பு இல்லாதது, ஒவ்வொரு பிணைப்புக்கும் தனித்தனி நொதி வைத்திருப்பது சாத்தியமில்லை. அதனால் இந்தப் பூஞ்சை உடம்புக்கு வெளியே ஆளைப் பார்த்து அடிக்காத நொதிகளை அவிழ்த்துவிடுகிறது. விறகு பிளக்கும் கோடாலிக்கு வழியில் நாற்காலி கிடந்தாலும் ஒன்றுதான். மருந்து மூலக்கூறு அந்த நாற்காலி.

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஆட்டமே வேறு. தண்ணீர் தேங்கிய மண்ணில் குளோரின் அதிகமுள்ள மூலக்கூறுகள் சில சமயம் காய்ந்த மண்ணைவிட வேகமாகச் சிதையும். அங்கே வாழும் பாக்டீரியாக்கள் மூச்சுவிடும்போது கைவிட வேண்டிய எலக்ட்ரான்களை, ஆக்சிஜனுக்குப் பதிலாக மூலக்கூறின் குளோரின் இருக்கும் இடத்தில் இறக்கிவிடுகின்றன. குளோரின் கழன்றுவிடுகிறது. லிண்டேன் நீர் நிற்கும் மண்ணில் சீக்கிரம் போவது இப்படித்தான்.

'காணாமல் போனது' என்றால் என்ன?

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மருந்தின் அரை ஆயுள் என்று ஒரு எண் சொல்வார்கள். பாதி மருந்து போக ஆகும் நாள் அது. எங்கே போனது என்று அந்த எண் சொல்லாது. ஆவியாகியிருக்கலாம், கீழே இறங்கியிருக்கலாம், மண்ணோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திருக்கலாம், இன்னொரு பொருளாக மாறியிருக்கலாம்.

அந்த இன்னொரு பொருள் எப்போதும் நல்லதாக இருப்பதில்லை. டிடிடி ஒரு ஹைட்ரஜனையும் ஒரு குளோரினையும் இழந்தால் டிடிஇ ஆகும், அது டிடிடி-யைவிடப் பிடிவாதமானது. எண்டோசல்பானுக்கு மண்ணில் இரண்டு பாதைகள் உண்டு. தண்ணீர் சேர்ந்து உடைந்தால் நச்சு குறைந்த டையால் வரும். பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் ஆக்சிஜனேற்றம் செய்தால் எண்டோசல்பான் சல்பேட் வரும். இது மூலப்பொருளுக்கு இணையான நச்சுடையது, அதைவிட நீண்ட நாள் தங்குவது. 2011-ல், நீண்ட நாள் நிலைக்கும் நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் எண்டோசல்பானைச் சேர்த்தபோது இந்தச் சல்பேட்டின் நிலைத்தன்மையும் கணக்கில் எடுக்கப்பட்டது. அல்டிகார்ப் என்ற பூச்சிக்கொல்லி மண்ணில் சல்பாக்சைடாகவும் சல்போனாகவும் மாறும், இரண்டுமே பூச்சியைக் கொல்லும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பெரும்பாலான மண்களில் பாக்டீரியாக்கள் ஓரளவு வேகமாகவே உடைத்தாலும், வழியில் வரும் ஆம்பா என்ற பொருள் பொதுவாக அதைவிட மெதுவாகத்தான் போகிறது.

உண்மையில் முழுசாகச் சிதைந்ததா என்று தெரிய வேண்டுமென்றால் மூலக்கூறில் கதிரியக்கக் கார்பன்-14 வைத்துத் தயாரித்து மண்ணில் கலப்பார்கள். மண்ணை இருட்டில், நிலையான வெப்பத்தில் வைத்து, வெளிவரும் காற்றை ஒரு காரக் கரைசலின் வழியே இழுத்து, கார்பன்-14 எவ்வளவு கரியமில வாயுவாக வந்தது என்று எண்ணுவார்கள். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி-யின் 307-ஆம் எண் சோதனை முறை இதுதான், வழக்கமாக 120 நாள் வரை நடக்கும். 120 நாள் முடிந்ததும் கணக்குப் பார்த்தால், போட்ட கார்பனில் ஒரு பங்கு வாயுவாக வந்திருக்கும், ஒரு பங்கு கரைப்பான்களால் பிரித்தெடுக்கக் கிடைக்கும், மிச்சம் மண்ணிலிருந்து வரவே மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும். இந்த மூன்றாவது பங்குக்குப் பிணைந்த எச்சம் என்று பெயர். அதில் எவ்வளவு மருந்தின் துண்டுகள், எவ்வளவு மருந்தைத் தின்று செத்த பாக்டீரியாவின் உடம்பு என்பதில் விஞ்ஞானிகளுக்குள் சண்டை நீண்ட நாளாக நடக்கிறது.

கைக்கு எட்டினால்தான்

சிதைக்கும் பாக்டீரியா மண்ணில் இருந்தால் மட்டும் போதாது, மருந்தும் அதுவும் சந்திக்க வேண்டும். மண் துகள்களின் மொத்தப் பரப்பில் பாக்டீரியாக்கள் குடியிருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. அவற்றின் அளவு சுமார் ஒரு மைக்ரோமீட்டர். களிமண்ணிலும் மட்கிலும் அதைவிடப் பல மடங்கு குறுகிய துளைகள் ஏராளம். மருந்து மூலக்கூறு அந்தத் துளைக்குள் போய்விடும், பாக்டீரியா வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். நாள் ஆக ஆக மூலக்கூறுகள் மேலும் மேலும் உள்ளே ஊடுருவுகின்றன. அதனால் நேற்று அடித்த மருந்தும் பத்து வருடத்துக்கு முந்தைய எச்சமும் ஒரே அளவில் இருந்தாலும், பழையது மிக மெதுவாகத்தான் சிதையும். மண்ணைச் சோதனைக்கு அனுப்பினால் வரும் எண் இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

ஒட்டிக்கொள்வதில் நல்லதும் உண்டு, நிலத்தடிக்கு இறங்காமல் பிடித்துவைக்கிறது. ஒட்டாமல் கரைந்து கீழே போகும் மருந்துக்குத்தான் கெட்ட காலம் தொடங்குகிறது. நுண்ணுயிர்களில் பெரும்பான்மை மேல் மண்ணில், வேர்களும் சருகும் உள்ள இடத்தில் வாழ்கின்றன. ஒரு மீட்டர் இறங்கினாலே அவற்றின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும், உணவும் குறைவு, குளிர்ச்சியும் அதிகம். மேலே சில வாரங்களில் போயிருக்க வேண்டிய மூலக்கூறு, ஒரு பெரும் மழையில் அந்த அடுக்கைத் தாண்டிவிட்டால், அப்புறம் வருடக்கணக்கில் அலையலாம்.

வெப்பத்தைப் பொறுத்தவரை கணக்கு நேரடியானது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 10 டிகிரி கூடினால் சிதைவு வேகம் 2.58 மடங்காகும் என்று வைத்துக் கணக்கிடுகிறது. ஈரம் குறைந்து மண் காய்ந்துவிட்டால் வெப்பம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஆகவே ஆய்வகத்தில் 20 டிகிரியில், அளவான ஈரத்தில் எடுத்த அரை ஆயுளை, காய்ந்து கிடக்கும் நிலத்துக்கோ பனியில் உறைந்த நிலத்துக்கோ அப்படியே பொருத்திப் பார்ப்பது வீண். அந்த எண் மருந்துக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு மண்ணுக்கும் சொந்தம்.

மருந்து கேட்காத நிலங்கள்

இதுவரை சிதைவதை நல்லது என்றே பேசிவந்தோம். அடிப்பவர் பக்கம் நின்று பார்த்தால் அது சீக்கிரமாகவும் நடந்துவிடக் கூடாது. 1970-களின் கடைசியிலும் 80-களிலும் அமெரிக்காவின் மக்காச்சோளப் பகுதிகளில் கார்போபியூரான் என்ற பூச்சிக்கொல்லி சில நிலங்களில் வேர்ப்புழுவைக் கட்டுப்படுத்தாமல் போனது. புழு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த மண்ணில் மருந்தைக் கலந்து அளந்தபோது, புழு வருவதற்குள் மருந்தே காலியாகிவிடுவது தெரிந்தது. வருடா வருடம் ஒரே மருந்தைப் போட்டதில் அதைத் தின்னும் கூட்டம் அங்கே நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. இபிடிசி என்ற களைக்கொல்லியிலும் இதே கதைதான். அதற்கு, பாக்டீரியாவின் நொதியைக் கொஞ்ச நாள் முடக்கும் இன்னொரு ரசாயனத்தைச் சேர்த்து விற்கிற அளவுக்குப் போனது.

எதிர்ப்புத்திறனையும் இதையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. அதே பூச்சியை வேறு மண்ணில் அதே மருந்துக்கு உட்படுத்தினால் செத்தால், கோளாறு மண்ணில். சாகாவிட்டால் பூச்சியில். பூச்சியின் எதிர்ப்புக்கு மருந்தளவைக் கூட்டுவது கொஞ்சமாவது உதவலாம், மண்ணின் கோளாறில் கூட்டக் கூட்டத் தின்னும் கூட்டத்துக்குத்தான் விருந்து. மருந்து கேட்கவில்லை என்று கேட்டதும் இன்னொரு மடங்கு அடிக்கச் சொல்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை என்பது என் வருத்தம்.

குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி நீண்ட காலம் இந்தச் சிக்கலில் மாட்டாமல் தப்பியது. அது உடையும்போது வரும் டிசிபி என்ற துண்டில் மூன்று குளோரின், அது நுண்ணுயிர்களையே கொல்லும் தன்மை கொண்டது. தின்ன வருபவருக்கு முதல் கவளத்திலேயே விஷம் என்பதால் கூட்டம் சேரவில்லை. ஆனாலும் பின்னர் அந்தத் துண்டையும் சமாளிக்கும் பாக்டீரியாக்கள் கிடைத்துவிட்டன.

பாட்டிலில் அடைத்து ஊற்றலாமா?

சரி, இவ்வளவு திறமைசாலிகளை ஆய்வகத்தில் வளர்த்து, அசுத்தமான நிலத்தில் ஊற்றிவிட்டால் என்ன? 1980-களின் தொடக்கத்தில் நுண்ணுயிரியலாளர் ஆனந்த சக்ரவர்த்தியின் குழு அதைத்தான் முயன்றது. பலவகைப் பிளாஸ்மிடுகள் கொண்ட பாக்டீரியாக்களை ஒன்றாக வைத்து, 2,4,5-டி-யைச் சிறிது சிறிதாகக் கூட்டி மாதக்கணக்கில் வளர்த்ததில், அந்த அடங்காத மூலக்கூறையே உணவாகக் கொள்ளும் ஏசி1100 என்ற வகை கிடைத்தது. 2,4,5-டி நிறையக் கலந்த மண்ணில் அதை விட்டபோது வேலை செய்தது. மருந்து தீர்ந்ததும் அதன் எண்ணிக்கையும் சரிந்து காணாமல் போனது.

அது செறிவு அதிகமான மண். கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக இருக்கும் நிலத்தில் வெளியிலிருந்து வந்த பாக்டீரியா பிழைப்பது கடினம். மருந்து மிகக் குறைவாக இருந்தால் அதை வைத்து வளர முடியாது. பக்கத்திலேயே இன்னும் சுவையான உணவு இருந்தால் மருந்தைத் தொடாது. பாக்டீரியாவைவிடப் பெரிய ஓரணு உயிர்களான புரோட்டோசோவாக்கள் பிடித்துத் தின்னும். மண்ணுக்குள் நகர்ந்து மருந்து இருக்கும் இடத்துக்குப் போகவும் முடியாது. 1985-ல் அலெக்சாண்டரின் குழுவே இந்தக் காரணங்களைப் பட்டியலிட்டது, இன்றும் அதில் எதுவும் பழசாகிவிடவில்லை. விற்பனைக்கு வரும் 'நச்சு நீக்கும் நுண்ணுயிர்' பாட்டில்களைப் பார்க்கும்போது, அவை பட்டியலில் உள்ள எந்தத் தடையைத் தாண்டுகின்றன என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

பாட்டிலைவிட நன்றாக வேலை செய்திருப்பது ஒரு குழி. தெளிப்பானில் மருந்து நிரப்பும் இடத்திலும் கழுவும் இடத்திலும் சிந்துவது கிணறுகளையும் ஓடைகளையும் கெடுக்கும் பெரிய காரணம். 1993-ல் ஸ்வீடனில் அந்த இடத்தில் ஒரு குழி எடுத்து, அடியில் களிமண் போட்டு, மேலே பாதி அளவு வைக்கோல், கால் பங்கு பீட் என்ற சதுப்புநில மட்கு, கால் பங்கு மேல்மண் கலந்து நிரப்பி, அதன்மேல் புல் வளர்த்தார்கள். வைக்கோலின் லிக்னினை உடைக்க வெண்ணழுகல் பூஞ்சைகள் வரும், அவற்றின் நொதிகள் சிந்திய மருந்தையும் சேர்த்து அடிக்கும். பீட் ஈரத்தையும் மருந்தையும் பிடித்துவைக்கும். மண்ணிலிருந்து பாக்டீரியாக்கள் வரும். எதையும் பாட்டிலில் வாங்கி ஊற்ற வேண்டியதில்லை. இந்த உயிர்ப்படுக்கைகள் பல நாடுகளுக்கும் பரவிவிட்டன.

நிலத்துக்குள் இறங்கிப்போனதை என்ன செய்வது என்பதற்கு மட்டும் இன்னும் நல்ல விடை இல்லை. டென்மார்க்கில் டைகுளோபெனில் என்ற களைக்கொல்லியை 1997-ல் தடைசெய்தார்கள். அது மண்ணில் உடைந்து உருவான பாம் என்ற துண்டு, மேல் மண்ணில் ஒட்டாமல் நிலத்தடி நீருக்குப் போய்ச் சேர்ந்தது. தடைக்குப் பின் பல வருடம் கழித்தும் அங்கே நிலத்தடி நீரில் அடிக்கடி கிடைக்கும் எச்சங்களில் அது முன்வரிசையில் இருக்கிறது. குடிநீரில் ஒரு பூச்சிக்கொல்லி எச்சத்துக்கு ஐரோப்பாவில் அனுமதி லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். பாமைத் தின்னும் அமினோபாக்டர் என்ற பாக்டீரியா ஒன்று கிடைத்ததும், அதைக் குடிநீர் நிலையங்களின் மணல் வடிகட்டிகளில் குடிவைத்துப் பார்த்தார்கள். முதலில் பாம் குறைந்தது. அப்புறம் வடிகட்டியைக் கழுவும்போது கொஞ்சம் பாக்டீரியா அடித்துக்கொண்டு போனது, கொஞ்சத்தைப் புரோட்டோசோவாக்கள் தின்றன. எஞ்சியவற்றுக்கும் தண்ணீரில் இருந்த பாம் சாப்பாட்டுக்குப் போதவில்லை. சில வாரங்களில் வடிகட்டி பழைய நிலைக்குத் திரும்பியது. எந்த மணலில், எந்த வேகத்தில் தண்ணீரை விட்டால் அவை தங்கும் என்று பார்ப்பதில்தான் ஆய்வுகள் தொடர்ந்தன.